நூறு கேட்டேன், எழுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார்: போர்டு இல்லாத ஒரு இன்ஜின் கடை

இந்தக் கடைக்கு போர்டு கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் பக்கம் போகும்போது ஒரு தென்னந்தோப்புக்குள் பிரியும் மண் ரோடு, அதன் கடைசியில் ஓடு வேய்ந்த ஒரு நீளமான கட்டடம், முன்னால் ஒரு அம்பாஸடர் கூடு, அதற்குள் கோழி. கடைக்காரரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலையாளத்தில் பேசுகிறவர்கள் ஆஷானே என்பார்கள், நாங்கள் ஆசானே என்போம், அவர் இரண்டு பேருக்கும் அவரவர் பாஷையிலேயே திட்டுவார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் மட்டும்தான் தொடுவார். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் சாதனம்) என்று வாயைத் திறந்தால் டீ கூடக் கிடையாது.

எங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிடம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், ஆஸ்பத்திரிக்கும் துணிமணிக்கும் கோயம்புத்தூர் என்று வாழ்கிற ஆட்கள் நாங்கள். மாமா விட்டுப்போன பிரீமியர் பத்மினி (ஃபியட் டிசைனில் இங்கே செய்த பழைய கார்) ஒன்று ஷெட்டில் இருபது வருடமாக நின்றது. மாமாவுக்கு ரேஸ் பைத்தியம். சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார், வந்து ஒரு வாரம் ஃபியட் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார். அந்தக் காரை ரோட்டுக்கு இல்லாமல், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஓட்டுவதற்காகத் தயார் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நூறு குதிரை சக்தி வேண்டும். ஏன் நூறு என்று கேட்டால் பதில் இல்லை, ரவுண்டாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆசானிடம் போவதற்கு முன்னால் வேறு ஒரு இடத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஏசி ரூம், சோபா, கண்ணாடிக்குப் பின்னால் வெளிநாட்டு பைக். நூறு என்றேன். நூற்றிருபதே பண்ணித் தருகிறேன் சார் என்றார் அந்தத் தம்பி, அட்வான்ஸ் ஐம்பதாயிரம் என்றார். எப்படி வரும் என்று கேட்டதற்கு கேம், கார்ப், எக்ஸாஸ்ட், எல்லாம் பண்ணிடலாம் சார் என்று மட்டும் சொன்னார். எனக்கும் அன்றைக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. நல்லவேளை, கையில் அன்று பணம் இல்லை.

ஆசான் கதை வேறு. இன்ஜினைப் பார்க்கக்கூட இல்லை, சுவரில் தொங்கிய கூட்டுறவு பேங்க் காலண்டரில் போன மாசத்துத் தாளைக் கிழித்தார், பின்பக்கம் நாலு எண் எழுதினார். 68, 75, 3, 40. போர் (சிலிண்டரின் குறுக்களவு) 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 75, மெயின் பேரிங் (கிராங்க் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் இடங்கள்) 3, கம்பெனி கொடுத்த பவர் 40 குதிரை.

"தம்பி, இதுல எதை மாத்துவ?"

"நாப்பதை" என்றேன்.

"அது கடைசியா வர்ற நம்பர். மொத மூணுல எதை மாத்துவே, அதைச் சொல்லு."

அந்த ஒரு மணி நேரப் பாடம்தான் இந்தக் கடையின் உண்மையான சரக்கு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு பவர் எவ்வளவு வரும் என்பதற்கு ஆசானிடம் ஒரே கணக்கு. கொள்ளளவை லிட்டரில் எழுது, பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தத்தை பாரில் எழுது (1 பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எழுது, மூன்றையும் பெருக்கி 900-ஆல் வகு. ஏறக்குறைய குதிரை சக்தி வந்துவிடும். சராசரி அழுத்தம் என்பது உரசலில் போனதெல்லாம் கழித்துக் கையில் நிற்பது. பத்மினிக்குப் போட்டுப் பார்த்தால், 1.089 லிட்டர், 4800 ஆர்.பி.எம்., 40 குதிரை, அப்படியானால் அழுத்தம் 7 பாருக்குக் கொஞ்சம் கம்மி. சோம்பேறி இன்ஜின். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போவதற்காகச் செய்தது.

சரி, அந்த 7-ஐ எவ்வளவு தூரம் ஏற்றலாம்? இங்கேதான் எனக்குக் கண் திறந்தது. 1959, 1960 இரண்டு வருடமும் கூப்பர் காரில் ஜாக் பிராபம் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார் இல்லையா, அதில் இருந்தது கவென்ட்ரி கிளைமாக்ஸ் எஃப்.பி.எஃப். என்ற இன்ஜின், நாலு சிலிண்டர், 2.5 லிட்டர், 6750-இல் சுமார் 240 குதிரை. கணக்குப் போட்டால் 12.8 பார். கோஸ்வொர்த் என்ற இங்கிலாந்து ரேஸ் இன்ஜின் கம்பெனி 1967-இல் ஃபார்முலா 2-க்குச் செய்த எஃப்.வி.ஏ. இன்ஜின், ஃபோர்டு கார்ட்டினா பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் உடம்பு) மேல் சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்த ஹெட் (காற்று போய்வரும் வால்வுகள் இருக்கும் மூடி), 1.6 லிட்டர், 9000-இல் 218 குதிரை. அது 13.6 பார். அப்புறம் முப்பது வருடம் தாண்டி 1999-இல் ஹோண்டா எஸ் 2000 வருகிறது, கம்ப்யூட்டர், வால்வு டைமிங்கை ஓட ஓட மாற்றும் வித்தை எல்லாம் வைத்து, 2 லிட்டரில் 8300-இல் 240 குதிரை. 13 பார்! ரோட்டு வண்டி, வாரன்டியோடு விற்றது என்பது பெரிய விஷயம்தான், ஆனால் எண்ணைப் பாருங்கள், அங்கேயேதான் நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்றால், வெளியே இருக்கும் காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். பிஸ்டன் கீழே இறங்கினால் உள்ளே வருவது அந்த இடத்துக்கு உண்டான காற்று. இன்டேக் குழாய், எக்ஸாஸ்ட் குழாய் நீளத்தைச் சரியாக வைத்தால் அலை வந்து பத்து இருபது சதவீதம் கூடுதலாகத் தள்ளும், அதுவும் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். வட்டாரத்தில் மட்டும். அந்தக் காற்றுக்கு எரிக்க முடிந்த பெட்ரோலும் அளவுதான். "சட்டி அளவுதான் சோறு, நீ எவ்வளவு வேகமா வடிச்சாலும்" என்றார் ஆசான். ஆகவே சிலிண்டருக்கு இரண்டு வால்வு, அதைத் தள்ள நீளக் கம்பி (புஷ் ராடு) வைத்த பழைய ஃபியட் ஹெட்டில் ரொம்ப உழைத்தால் பத்து, பத்தரை பார். அதற்கு மேல் பவர் வேண்டுமானால் ஒரே வழிதான் பாக்கி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சட்டி வடிக்கிறாய் என்பது. அதாவது ஆர்.பி.எம்.

போரை 1 மில்லிமீட்டர் ஏற்றி 69 ஆக்கினால் 1122 சி.சி. பத்தரை பார் என்றே தாராளமாக வைத்துக்கொண்டு நூறு குதிரைக்குக் கணக்குப் போட்டோம். 7600 ஆர்.பி.எம். வந்தது. அந்த ஏசி ரூம் தம்பி சொன்ன நூற்றிருபதுக்குப் போட்டோம். 9100-க்கும் மேல். ஆசான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிக்கவில்லை. அது கோஸ்வொர்த் சுற்றிய வேகம். கோஸ்வொர்த் ஸ்ட்ரோக் 69 மில்லிமீட்டர், நம்முடையது 75. பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று பார்த்தால் அவர்களுடைய ரேஸ் இன்ஜின் 20.7, நம்முடைய கல்யாண கார் கிட்டத்தட்ட 23. அட்வான்ஸ் ஐம்பதாயிரம் வேறு.

நூறுக்கே விநாடிக்கு 19 மீட்டர் ஆகிறது. அது அவ்வளவு மோசமான எண் இல்லையே என்று நான் விடாமல் பேசினேன். ஆசான் அதற்குத்தான் மூன்றாவது எண்ணில் விரலை வைத்தார். மெயின் பேரிங் 3. இரண்டு பேரிங்குக்கு நடுவில் இரண்டு கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) தொங்குகிறது, கயிற்றுக் கட்டிலில் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்த மாதிரி. வேகம் ஏற ஏற பிஸ்டனும் ராடும் இழுக்கும் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 4800-இல் இருப்பதைவிட 7600-இல் இரண்டரை மடங்கு. வெடிப்பு தள்ளுவதால் ராடு உடைவதைவிட, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் மேலே போன பிஸ்டனைத் திரும்பக் கீழே இழுக்கும்போதுதான் போல்ட் நீண்டு, பேரிங் தொப்பி வாய் திறந்து போகும் என்று ஒரு பழைய ராடைக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய கண் முட்டை மாதிரி இருந்தது. நகத்தால் தடவினாலே தெரிந்தது.

நான் சும்மா இருப்பேனா, முந்தின ராத்திரி படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பழைய மினி கூப்பரில் இருந்த பி.எம்.சி. ஏ சீரீஸ் இன்ஜினும் மூணு பேரிங்தானே ஆசானே, 1275-இன் ஸ்ட்ரோக் 81 மில்லிமீட்டர், அதை 7500 வரைக்கும் சுற்றுகிறார்களே என்றேன். கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது, இத்தனை நேரம் ஒரு முட்டாளிடம் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று நினைத்திருப்பார் போல.

"சுத்தறாங்க. அவங்க கிராங்க் என்ன கிராங்க்? தனியா ஸ்டீல்ல செஞ்சு, மேல்தோல் கெட்டியாக நைட்ரைடிங் பண்ணுனது. நடு பேரிங்குக்கு ஸ்டீல் தொப்பி, அதுக்கு மேல ஒரு பட்டை. அந்த இன்ஜினுக்கு இங்கிலீஷ்காரன் அறுபது வருசமா பார்ட்ஸ் அடிச்சுத் தர்றான். பத்மினிக்கு உனக்கு யார் தர்றா? நீயே கோயமுத்தூர்ல ஃபவுண்டரி, லேத்துனு அலைஞ்சு செய்யோணும். செய்யலாம், முடியாதுங்கல. அப்புறம் ரெண்டு ரேசுக்கு ஒருக்கா பிரிச்சு பேரிங் மாத்தோணும். செய்வியா?"

செய்ய மாட்டேன். அவருக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு மாற்றும் சொன்னார். நூறுதான் வேண்டுமென்றால் பிரீமியர் 118 என்.இ. இன்ஜினைக் கொண்டுவா, அது நிஸ்ஸான் ஏ 12, 1171 சி.சி., ஸ்ட்ரோக் 70 தான், மெயின் பேரிங் ஐந்து. அதே நூறுக்கு 7300 போதும், பிஸ்டன் வேகமும் 17 மீட்டர்தான். காரியமாகப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் மாமா காரில் ஜப்பான் இன்ஜினை வைத்தால் அவர் படத்துக்கு மாலை போட முடியாது. வேண்டாம் என்றேன். சரி என்று காலண்டர் தாளின் கடைசியில் எழுதினார்: 72 முதல் 75. 6500-க்கு மேல் கூடாது. அந்த 6500-க்குக் கீழே இரண்டு கோடு. கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் எண்ணை எழுதிக் கொடுத்த மெக்கானிக்கை நான் வாழ்க்கையில் இதற்கு முன் பார்த்ததில்லை.

வேலை எப்படி என்று கேட்டால், மெதுவாக, ரொம்ப மெதுவாக. இன்ஜினை மட்டும் இறக்கி ஒரு சின்ன லோடு வண்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனபோது ஹெட்டைத் தலைகீழாக வைத்து, ஸ்பார்க் பிளக் போட்டு, வால்வுகளைப் பூட்டி, மேலே ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் துண்டைக் கிரீஸ் தடவி ஒட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் ஊசி போடும் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தார். எத்தனை சி.சி. போகிறது என்று ஒவ்வொரு சிலிண்டரின் எரி அறைக்கும் அளந்து சாக்பீஸால் எழுதுகிறார். நாலு அறையும் நாலு அளவு. கம்பெனி வார்ப்பே அப்படித்தான் வரும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் 2 சி.சி.க்கு மேல் வித்தியாசம். இப்படியே விட்டால் ஒரு சிலிண்டர் நாக்கிங் ஆகும்போது (பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பது) இன்னொன்று தூங்கும், தீப்பொறி டைமிங்கை மோசமான சிலிண்டருக்காகக் குறைக்க வேண்டிவரும், அப்புறம் மூன்று சிலிண்டரின் பவர் வீண் என்றார். ஒரு சின்ன கிரைண்டரை வைத்து இரண்டு நாள் தேய்த்து நாலையும் அரை சி.சி.க்குள் கொண்டுவந்தார். கேஸ்கட்டோடு சேர்த்து அறைக்கு 34 சி.சி., கம்ப்ரெஷன் (பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 9.2. இதற்கு மேல் ஏற்றவில்லை, ஏனென்று பெட்ரோல் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இன்னொரு நாள் பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணை எடுத்து பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, திரும்பக் கழற்றி, வால்வு அமுங்கிய இடத்தைப் பிளேடால் வெட்டி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்த்தார். பேத்தி பக்கத்திலேயே நின்றுகொண்டு எப்போ தருவே எப்போ தருவே என்று மலையாளத்தில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் களிமண், எண்ணெய் பட்டுக் கருத்துப்போனது. அதற்கு என் பில்லில் முப்பது ரூபாய் ஏறியது, நியாயம்தான்.

கேமில்தான், அதாவது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டில்தான், எனக்கும் அவருக்கும் நிஜமான சண்டை. ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடுவது) லொடக் லொடக் என்று குதிக்கும் அந்த ரேஸ் சத்தம் வேண்டும் எனக்கு, கிராங்க் சுற்றில் 300 டிகிரிக்கு மேல் வால்வைத் திறந்து வைக்கிற கேம். அவர் 280-க்கு மேல் அரைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நீளமாகத் திறந்திருக்கிற கேம் உச்சி ஆர்.பி.எம்.மில்தான் பலன் தரும், அந்த உச்சிக்கு உன் கிராங்க் போகாது, அப்புறம் எதுக்கு, கீழ் வேகத்தில் இருக்கிற இழுவையையும் இழந்து நிற்பாய் என்பது வாதம். கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோல் கலக்கும் பாகம்) விஷயத்திலும் அதே. பெரிய வாய் வைத்த வெபர் 45 இரண்டு வாங்கி வந்து பானட்டைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஆசை. வாய் பெரிதானால் காற்று மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் பெட்ரோல் பொடிப்பொடியாகப் பிரியாமல் சொட்டாகப் போகும் என்று சொல்லி, பழைய வெபர் 32/36 ஒன்றைத் தேடி வரச் சொன்னார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி, ஆனால் பானட்டைத் திறந்தால் பார்க்க ஒன்றும் இல்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெட்ரோல். 100 ஆக்டேன் போட்டால் பவர் கூடும் என்று நம்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆக்டேன் என்பது நாக்கிங் ஆகாமல் தாங்கும் அளவு, அவ்வளவுதான். தாங்க வேண்டிய அளவுக்குக் கம்ப்ரெஷன் இல்லாவிட்டால் கூடுதல் காசு புகையாகப் போகிறது. 9.2-க்கு 95 போதும், எப்போதும் கிடைக்கும் என்பதால் அங்கேயே நிறுத்தினார். பழைய கார்காரர்கள் கவனிக்க வேண்டியது எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் அதே காற்றுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும், அதனால் கார்புரேட்டரில் பழைய ஜெட் (பெட்ரோல் போகும் துளை) அப்படியே இருந்தால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடாகும். ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் ஊறிப்போகும். ஆசான் எல்லா ரப்பரையும் மாற்றிவிட்டு, ஜெட்டை நாலு தடவை மாற்றிப் பிளக் நிறம் பார்த்துத்தான் விட்டார்.

இனி குறைகள். ஐந்து வாரம் என்றார், பதின்மூன்று வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார், எடுத்தால் ஆங் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நடுவில் பத்து நாள் கடையே பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சூர் போய்விட்டார், சொல்லவும் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, பிளாக்கின் மேல்தான் உட்கார வேண்டும், வெள்ளை வேட்டியோடு போனால் அவ்வளவுதான். பில் என்பது அதே காலண்டரின் இன்னொரு மாசம். போரிங், பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங், பேலன்சிங், கேம் அரைத்தது, வால்வு ஸ்பிரிங், லேபர் எல்லாம் சேர்த்து 1,38,000 ரூபாய். கார்ப் நான் வாங்கியது தனி. அதில் லேபர் மட்டும் எவ்வளவு என்று கேட்டதற்கு, அதெல்லாம் உள்ளேயே இருக்கு என்றார். ஜி.எஸ்.டி. பில் எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். இன்னொன்று, வால்வு மூடி கேஸ்கட்டில் முதல் வாரமே எண்ணெய் கசிந்தது. திரும்பக் கொண்டுபோனேன், கார்க்கை மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

சரி, எழுதிக் கொடுத்த எண் வந்ததா? அதற்காகக் கோயம்புத்தூரில் பவர் அளக்கும் ஒரு டைனோ மிஷினில் ஏற்றினேன். அங்கே இருந்த பையன் பெல்ட் மாட்டிக்கொண்டே, "அண்ணா, எவ்வளவு காட்டணும்?" என்று கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்டான் என்று நினைத்தேன், இல்லை. டைனோ சக்கரத்தில் அளந்ததை அன்றைய சூடு, காற்றழுத்தம் பார்த்து ஒரு எண்ணால் பெருக்கித்தான் திரையில் காட்டும். அறையில் 34 டிகிரி இருக்கும்போது 45 என்று தட்டிவிட்டால் பவர் தானாக ஏறும். பலபேர் வாட்ஸாப்பில் போடும் சீட்டு இப்படிப் பிறந்ததுதான். திருத்தம் எதுவும் வேண்டாம், அளந்ததை அப்படியே கொடு தம்பி என்றேன். சக்கரத்தில் 63 வந்தது, 6200-இல். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டயர் உரசலில் 14 சதவீதம் போகும் என்று வைத்தால் இன்ஜினில் 73. காலண்டர் தாளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 72 முதல் 75.

அதுவும் கோயம்புத்தூர் காற்றில். கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் சொச்சம் உயரம் என்றால் காற்று நாலைந்து சதவீதம் மெலிந்துவிடும், சூடு 10 டிகிரி ஏறினால் இன்னும் 3 சதவீதம். டர்போ வண்டி இதையெல்லாம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், நம்முடையதால் முடியாது. இதே இன்ஜினை ஊட்டிக்கு ஏற்றினால் 2240 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். ஆகவே ஒருவர் கொச்சியில் அளந்த எண்ணையும் இன்னொருவர் கோவையில் அளந்த எண்ணையும் வைத்துக்கொண்டு சண்டை போடுவது வீண்.

கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான். 1995-இல் விமான விபத்தில் இறந்த ரேஸ் வீரர் கரிவரதனின் பெயரில் 2003-இல் திறந்தது. முதல் நாள் காலை ஆறரை மணிக்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக மூக்கில் அடிக்க, இரண்டாவது கியரில் 4000 தாண்டியதும் இன்ஜின் குரல் மாறியது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது, சட்டென்று தொண்டையைத் திறந்த மாதிரி. 3000-க்குக் கீழே இருமும், பிட்டில் (டிராக் ஓரத்து நிறுத்தம்) உருட்டிக்கொண்டு போகும்போது கிளட்சைப் பாதி மிதித்தே இருக்க வேண்டும், ஐடில் 1200-க்குக் கீழே நிற்காது. 5800-இல் ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கம்பி தேனீக்கூடு மாதிரி நடுங்க ஆரம்பிக்கும். நாலு சிலிண்டரை வரிசையாக வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வரும் அந்த உதறலை பேலன்சிங் செய்தாலும் போக்க முடியாது, தனி பேலன்ஸ் ஷாஃப்ட் வேண்டும் என்று ஆசான் முன்னமே சொல்லியிருந்தார். கை மரத்துப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டாவது சுற்றில் பிரேக் தீய்ந்த வாசம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இதில் நூற்றிருபது குதிரை இருந்திருந்தால் நான் நேராகச் சோளக்காட்டுக்குள்தான் போயிருப்பேன்.

பொறாமைப்படும் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்படி மாற்றிய காரை ரோட்டில் ஓட்ட நினைக்காதீர்கள். வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, வழக்கும் கேரளாவிலிருந்து போனதுதான். நம் பக்கத்து எம்.வி.டி.காரர்களுக்கு (மோட்டார் வாகனத் துறை) கண் ரொம்பக் கூர்மை. நான் லோடு வண்டியில் ஏற்றித்தான் டிராக்குக்குக் கொண்டுபோகிறேன்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. ஒன்று அந்தப் பதின்மூன்று வாரத்துக்காகக் குறைத்தது. போக நினைப்பவர்கள் இன்ஜினை இறக்கிக் கொண்டுபோங்கள், காரோடு போனால் கோழிகள் உள்ளே குடியேறிவிடும். காலையில் கள்ளு வண்டிகள் போய் முடிந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் போவது நல்லது, அந்த மண் ரோட்டில் எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. எத்தனை குதிரை வேண்டும் என்று முதலில் சொல்லாதீர்கள். போர், ஸ்ட்ரோக், பேரிங் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், டீ வரும்.

இருபது மணி நேரம் ஓடியதும் ஹெட் போல்ட் இறுக்கமும் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். நேற்று அதிசயமாக அவரே போன் பண்ணினார். என்னமோ ஏதோ என்று எடுத்தால், "வரும்போது கோயமுத்தூர்ல ஒரு ஃபீலர் கேஜ் வாங்கிட்டு வா, பழசுல நாலு தகடு ஒடைஞ்சு போச்சு. அப்புறம் பாப்பாவுக்குக் களிமண்ணு, பச்சையே வேணுமாம்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல என் பதிலைக் கேட்காமல் வைத்துவிட்டார்.